இடுப்பு வளையச் செயல்பிறழ்வைக் கண்டறிதல்

இடுப்பெலும்புகள், முதுகெலும்பின் அடியிலுள்ள சேக்ரம், அவற்றைப் பிணைக்கும் மூட்டுகள், தசைகள், தசையுறைகள் ஆகியவற்றின் இயக்கம் சீர்கெட்டிருப்பதையே இடுப்பு வளையச் செயல்பிறழ்வு என்கிறோம். எலும்பு முறிவு, கட்டி, தொற்று, மூட்டழற்சி போன்ற நோய்கள் இதில் சேரா. கையால் பரிசோதித்துச் சிகிச்சை தரும் ஆஸ்டியோபதி மருத்துவத்தில் இது சோமாட்டிக் டிஸ்ஃபங்ஷன் (உடல்சார் செயல்பிறழ்வு) என்ற பெரும்பிரிவுக்குள் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் அந்தப் பெரும்பிரிவின் குறியீடு எம்99.0. சேக்ரப் பகுதிக்கு 4, இடுப்புப் பகுதிக்கு 5 எனத் துணை எண்கள் உண்டு.

எக்ஸ்ரேயோ ரத்தப் பரிசோதனையோ இதைக் காட்டாது. நோயாளி சொல்வதையும், பரிசோதிப்பவரின் கண்ணும் கையும் கண்டுகொள்வதையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஆகவே எந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி இத்துறையில் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

உடலமைப்பு

வலமும் இடமும் ஒவ்வோர் இடுப்பெலும்பும், பின்னால் நடுவில் சேக்ரமும் சேர்ந்தது இடுப்பு வளையம். இலியம், இஸ்கியம், பியூபிஸ் ஆகிய மூன்றும் வளரிளம் பருவத்தில் ஒட்டி ஒரே இடுப்பெலும்பாகின்றன. இரண்டு இடுப்பெலும்புகளும் முன்புறம் பியூபிக் இணைப்பில் சந்திக்கின்றன. பின்புறம் இலியத்தோடு சேக்ரம் சேரும் இடம் சேக்ரோஇலியாக் மூட்டு. இடுப்பு வலி பற்றிய பேச்சில் பெரும்பகுதி இந்த மூட்டைப் பற்றியதுதான்.

சேக்ரம் மேலே அகன்று கீழே குறுகிய எலும்பு. செங்கல் வளைவின் உச்சியில் அடித்து இறுக்கிய நடுக்கல்லைப் போல, மேலிருந்து வரும் சுமையை இரு பக்கமும் பிரித்துக் கால்களுக்கு அனுப்புகிறது. மூட்டின் இரு முகங்களும் மேடும் பள்ளமுமாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகின்றன. இந்தப் பொருத்தம் ஒரு பகுதிப் பிடிப்பைத் தருகிறது. பிட்டத்துப் பெருந்தசை, எதிர்ப்பக்க முதுகுத் தசை, அடிவயிற்றின் ஆழ்தசை, இடுப்புத்தளத் தசைகள் ஆகியவை இழுத்துப் பிடிப்பதால் மீதிப் பிடிப்பு கிடைக்கிறது. வடிவப் பிடிப்பு, விசைப் பிடிப்பு என்ற இந்தப் பாகுபாட்டை நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்னைடர்ஸ், விளீமிங் குழுவினர் 1990களில் பரவச் செய்தனர்.

மூட்டு அசைகிறது, ஆனால் மிகக் குறைவாக. சுவீடனின் ஸ்டுரெசன் குழுவினர் 1989இல் 25 நோயாளிகளின் எலும்புகளில் நுண்ணிய உலோக மணிகளைப் பதித்து, எக்ஸ்ரே மூலம் அசைவை அளந்தனர். சராசரிச் சுழற்சி சுமார் 2.5 பாகை, நகர்வு சுமார் 0.7 மில்லிமீட்டர். தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றுக்கும் அடியில் நடக்கும் அசைவு இது. கையால் தொட்டறியும் சோதனைகளை எடைபோடும்போது இந்த அளவை மறக்கக் கூடாது.

வரலாறு

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் (1828–1917). 1874இல் தன் கொள்கையை அறிவித்தார். 1892இல் மிசோரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் முதல் ஆஸ்டியோபதிப் பள்ளியை நிறுவினார். உடலின் கட்டமைப்பும் செயலும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதே அவர் கொள்கையின் சாரம்.

இடுப்பு வளையத்துக்கெனத் தனிப் பரிசோதனை முறையை வகுத்தவர் ஆஸ்டியோபதி மருத்துவர் ஃபிரெட் மிட்செல். 1948இலும் 1958இலும் அவர் எழுதிய கட்டுரைகள் இடுப்பெலும்பின் சுழற்சி, சேக்ரத்தின் சாய்வச்சு, நடையின்போது அவை மாறும் விதம் ஆகியவற்றை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தன. இன்று ஆஸ்டியோபதிக் கல்லூரிகளில் கற்பிக்கும் வகைப்பாடு பெரும்பாலும் அவர் வகுத்ததே. 'ஆஸ்டியோபதிக் காயம்' என்ற பழைய பெயர் வழக்கொழிந்து, சோமாட்டிக் டிஸ்ஃபங்ஷன் என்ற பெயர் அந்த இடத்துக்கு வந்தது.

பொதுமருத்துவத்தின் பார்வையும் காலத்துக்கேற்ப மாறியது. 1905இல் பாஸ்டனின் கோல்ட்த்வெய்ட், ஆஸ்குட் ஆகியோர் கீழ்முதுகு வலிக்கு சேக்ரோஇலியாக் மூட்டே முக்கியக் காரணம் என எழுதினர். 1934இல் மிக்ஸ்டர், பார் ஆகிய இருவரும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதைக் காட்டிய பிறகு, பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் கீழ்முதுகு வலிக்குப் பெரும்பாலும் டிஸ்க்கையே காரணமாகக் கூறினர். மூட்டுக்குள் மரப்பு மருந்து செலுத்திச் சோதிக்கும் முறை வந்ததும் 1990களில் கவனம் மீண்டும் சேக்ரோஇலியாக் மூட்டின் பக்கம் திரும்பியது.

அமெரிக்காவில் ஆஸ்டியோபதியில் டி.ஓ. பட்டம் பெற்றவர் முழுத் தகுதியுள்ள மருத்துவர். அறுவை சிகிச்சை செய்யவும் மருந்து எழுதவும் அவருக்கு உரிமை உண்டு. பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்பது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டிய தனித் தொழில். ஆஸ்டியோபதிப் பயிற்சிக்கான அடிப்படை வரையறைகளை உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டது.

நான்கு அடையாளங்கள்

செயல்பிறழ்வு என்று சொல்ல ஆஸ்டியோபதி நான்கு அடையாளங்களைத் தேடுகிறது: தொடும் இடத்தில் திசுவின் தன்மை மாறியிருத்தல், இரு பக்கமும் சமமாக இல்லாமை, அசைவு குறைந்திருத்தல், அழுத்தினால் வலித்தல். இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'டார்ட்' என்பார்கள். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் ஒன்றான ஸ்பரிசமும் தோலின் வெப்பம், வறட்சி, தொட்டால் நோவு ஆகியவற்றைக் கையால் அறிவதே. இரண்டு மரபுகளுக்கும் கொள்கை வேறு. கைக்குத் தரும் இடம் ஒன்று.

கேட்டறிதல்

முதல் வேலை கேட்பது. வலி எங்கே என்று ஒரே விரலால் காட்டச் சொல்ல வேண்டும். இடுப்பெலும்பின் பின்பக்க மேடான பின் இடுப்பு முனைக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக, இரண்டு முறை கேட்டாலும் அதே இடத்தைத் தொட்டால் சேக்ரோஇலியாக் மூட்டைச் சந்தேகிக்கலாம். இதை ஃபோர்டின் விரல் சோதனை என்பார்கள். வலி ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புக்கு மேலே தொடங்கினால் மூட்டின் மீதான சந்தேகம் குறைகிறது.

அடுத்து அன்றாட வேலை. நாள் முழுக்க ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிறாரா, காலால் மிதித்து இயக்கும் இயந்திரத்தில் இருக்கிறாரா, இடுப்பில் குடமோ குழந்தையோ எப்போதும் ஒரே பக்கம்தானா, பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்தபடி மணிக்கணக்கில் ஓட்டுகிறாரா, படி தவறிப் பிட்டத்தில் விழுந்தாரா, கர்ப்பமா, பிரசவமாகி எத்தனை மாதம் என்றெல்லாம் கேட்க வேண்டும். படுக்கையில் புரளும்போது, நாற்காலியிலிருந்து எழும்போது, படியேறும்போது ஒரு பக்கம் சுருக்கென்று குத்துவதாகச் சொல்வது வழக்கமான குறிப்பு.

பார்த்தலும் தொட்டறிதலும்

நோயாளி வெறுங்காலில், பாதங்களை நான்கு அங்குலம் அகட்டி நிற்கிறார். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு, முன் இடுப்பு முனை, பின் இடுப்பு முனை ஆகியவை இரு பக்கமும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று பார்க்கிறார்கள். படுக்க வைத்த பிறகு பியூபிக் எலும்பின் மேல்விளிம்பு, உட்காரும் எலும்பு, உட்கணுக்கால் முனை ஆகியவற்றை ஒப்பிடுகிறார்கள். குப்புறப் படுக்க வைத்து சேக்ரத்தின் மேற்குழியின் ஆழத்தையும் கீழ்ப் பக்க முனையின் இருப்பையும் பார்க்கிறார்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு நடைமுறைத் தடை உண்டு. பாவாடை நாடாவும் பெல்ட்டும் சரியாக இடுப்பெலும்பின் விளிம்பில்தான் இறுகிக் கிடக்கின்றன. அவற்றைத் தளர்த்தாமல் மேலோட்டமாகத் தடவினால் விரல் படுவது எலும்பில் அல்ல, நாடா பதிந்த தழும்பில். பெண்ணைப் பரிசோதிக்கும்போது உடன் ஒரு பெண் இருப்பதும், எங்கே எதற்காகத் தொடுகிறோம் என்று முன்கூட்டிச் சொல்வதும் அவசியம்.

அசைவுச் சோதனைகள்

நின்று குனியும் சோதனைதான் இவற்றில் பெயர் பெற்றது. பரிசோதிப்பவர் நோயாளியின் பின்னால் மண்டியிட்டு, கண்ணை இடுப்பின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறார். இரு கட்டைவிரல்களையும் பின் இடுப்பு முனைகளின் அடிப்பக்கத்தில் கீழிருந்து மேலாக அண்டக்கொடுத்து வைக்கிறார். நோயாளி முழங்காலை மடக்காமல் மெல்லக் குனிகிறார். குனிந்து முடிக்கும் கட்டத்தில் எந்தக் கட்டைவிரல் முந்தி, கூடுதலாக மேலே போகிறதோ அந்தப் பக்கம் இடுக்கிப் பிடித்திருக்கிறது என்று கொள்கிறார்கள்.

இங்கே ஏமாற வழி உண்டு. எதிர்ப்பக்கத் தொடையின் பின்தசை இறுகியிருந்தாலும், அதே பக்கத்து இடுப்புச் சதுரத் தசை இறுகியிருந்தாலும் இதே முடிவு வரும். எனவே அதே சோதனையை உட்கார வைத்தும் செய்கிறார்கள். உட்கார்ந்தால் கால்களின் பங்கு விலகிவிடும். நிற்கும்போது மட்டும் தெரிந்தால் கோளாறு இடுப்பெலும்பிலோ காலிலோ என்றும், உட்கார்ந்தபோது தெரிந்தால் சேக்ரத்தில் என்றும் ஆஸ்டியோபதி பிரிக்கிறது. ஒற்றைக் காலில் நிற்க வைத்து மறு முழங்காலை மார்புக்குத் தூக்கச் சொல்லிப் பின் இடுப்பு முனை கீழிறங்குகிறதா என்று பார்ப்பது ஜில்லே சோதனை. மல்லாந்து படுத்தவரின் முன் இடுப்பு முனைகளை மாற்றி மாற்றி அழுத்தி, எந்தப் பக்கம் இறுக்கமாக எதிர்க்கிறது என்று பார்ப்பதும் உண்டு.

வகைகள்

கோளாறுள்ள பக்கத்தை அசைவுச் சோதனையும், அதன் வகையை எலும்பு முனைகளின் இருப்பும் காட்டுவதாகக் கொள்வது ஆஸ்டியோபதி மரபு. முக்கிய வகைகள் இவை:

- முன்சுழற்சி: அந்தப் பக்கத்து முன் இடுப்பு முனை தாழ்ந்தும் பின் முனை உயர்ந்தும் இருக்கும், படுத்த நிலையில் கால் நீண்டு தெரியும்.
- பின்சுழற்சி: முன் முனை உயர்ந்தும் பின் முனை தாழ்ந்தும் இருக்கும், கால் குட்டையாகத் தெரியும்.
- மேல்நகர்வு: முன், பின் முனைகள் இரண்டும் உயர்ந்திருக்கும், கால் குட்டையாகத் தெரியும். பள்ளத்தில் கால் தவறி வைத்தோ பிட்டத்தில் விழுந்தோ வருவதாகச் சொல்வார்கள்.
- உள்விரிவு, வெளிவிரிவு: முன் இடுப்பு முனை தொப்புளுக்கு அருகே வந்தோ விலகியோ இருக்கும்.
- பியூபிக் நகர்வு: ஒரு பக்கத்துப் பியூபிக் எலும்பு மேலோ கீழோ இருக்கும்.
- சேக்ர முறுக்கு: சாய்வச்சைச் சுற்றி சேக்ரம் திரும்பியிருக்கும். முன்முறுக்கு, பின்முறுக்கு என இரண்டு.

சேக்ர முறுக்கைக் கண்டறிவதுதான் மாணவர்களைத் திணறடிக்கும் பகுதி. அச்சின் மேல்முனை எந்தப் பக்கமோ அதுவே அச்சின் பெயர். உட்கார்ந்து குனியும் சோதனை அச்சுக்கு எதிர்ப்பக்கத்தில் தெரியும். எடுத்துக்காட்டாக, இட அச்சில் இடப்பக்கம் திரும்பிய முன்முறுக்கில் வல மேற்குழி ஆழமாகவும் இடக் கீழ்ப் பக்க முனை பின்தள்ளியும் இருக்கும். குனியும் சோதனை வலப்பக்கம் தெரியும். குப்புறப் படுத்தவரின் கீழ்முதுகை உள்ளங்கையால் அழுத்தினால் முன்முறுக்கில் தணிந்து கொடுக்கும், பின்முறுக்கில் விறைத்து எதிர்க்கும். முழங்கையை ஊன்றி மார்பைத் தூக்கச் சொன்னால் முன்முறுக்கில் ஏற்றத்தாழ்வு குறையும், பின்முறுக்கில் கூடும்.

வலியெழுப்பும் சோதனைகள்

எலும்பின் இருப்பைப் பார்க்காமல், மூட்டுக்கு அழுத்தம் கொடுத்து நோயாளிக்குப் பழகிய அதே வலி எழுகிறதா என்று கேட்பது மற்றொரு வழி. எலும்பியல் மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் பெரும்பாலும் இந்த வழியில் போகிறார்கள்.

மல்லாந்து படுத்தவரின் முன் இடுப்பு முனைகளை வெளிப்புறமாகத் தள்ளுவது விரிப்புச் சோதனை. ஒருக்களித்துப் படுத்தவரின் இடுப்பை மேலிருந்து அமுக்குவது அமுக்குச் சோதனை. குப்புறப் படுத்தவரின் சேக்ரத்தின் நடுவில் கீழ்நோக்கி அழுத்துவது சேக்ர உந்தல். ஒரு தொடையை மார்போடு அணைத்து, மறு காலைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு அழுத்துவது கேன்ஸ்லன் சோதனை.

தொடை உந்தல் சோதனையில் நோயாளி மல்லாந்து படுத்து, வலிக்கும் பக்கத்து முழங்காலை மடித்துத் தொடையைச் செங்குத்தாக நிறுத்துகிறார். பரிசோதிப்பவர் ஒரு கையைச் சேக்ரத்தின் அடியில் கொடுத்து, முழங்கால் மீது சாய்ந்து தன் உடல் எடையைத் தொடையின் வழியாகக் கட்டிலை நோக்கி இறக்குகிறார். பின்னால் மூட்டு இருக்கும் இடத்தில் வழக்கமான வலி வந்தால்தான் அது கணக்கு. இடுப்பு மடிப்பிலோ தொடையிலோ வேறு வலி வந்தால் கணக்கில்லை.

ஒரு காலைச் சம்மணத்துக்கு மடிப்பதுபோல் மறு முழங்கால் மேல் வைத்து அழுத்துவது பேட்ரிக் சோதனை. இடுப்பு மடிப்பில் வலித்தால் கோளாறு தொடைமூட்டில், பின்னால் வலித்தால் சேக்ரோஇலியாக் மூட்டில் என்று பிரிக்கலாம்.

கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் வரும் இடுப்பு வளைய வலிக்குக் கால் தூக்கும் சோதனை பயன்படுகிறது. படுத்த நிலையில் முழங்காலை மடக்காமல் ஒவ்வொரு காலாக 20 சென்டிமீட்டர் தூக்கச் சொல்லி, எவ்வளவு சிரமம் என்பதை 0 முதல் 5 வரை மதிப்பிடச் சொல்கிறார்கள். இடுப்பை இரு பக்கமும் கையால் இறுக்கிப் பிடித்தபின் தூக்குவது எளிதானால், விசைப் பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஐரோப்பிய வழிகாட்டுதல்களின்படி, கர்ப்பிணிகளில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு வளைய வலி வருகிறது.

நம்பகத்தன்மை

அசைவுச் சோதனைகளின் மீதான ஐயம் பழையது. 1985இல் பாட்டர், ராத்ஸ்டீன் ஆகியோர் 13 சோதனைகளை ஆராய்ந்தபோது, ஒரே நோயாளியைப் பார்த்த இரு பரிசோதகர்கள் பெரும்பாலான சோதனைகளில் ஒத்துப்போகவில்லை. 1994இல் ட்ரைஃபஸ் குழுவினர் வலியே இல்லாத 101 பேரைச் சோதித்தனர்; அவர்களிலும் சுமார் 20 சதவீதத்தினருக்கு நின்று குனிதல், உட்கார்ந்து குனிதல், ஜில்லே ஆகியவற்றில் ஏதோ ஒன்று கோளாறு என்று காட்டியது. 1998இல் டுல்பெர்க் குழுவினர் 10 நோயாளிகளுக்குக் கைச்சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மூட்டின் இருப்பை நுட்பமாக அளந்தனர். சோதனைகள் சரியாகிவிட்டதாகக் காட்டின. எலும்பின் இருப்போ மாறவேயில்லை.

வலியெழுப்பும் சோதனைகள் இதைவிட மேல். நியூசிலாந்தின் லாஸ்லெட் குழுவினர் 2005இல் 48 நோயாளிகளைச் சோதித்து, மூட்டுக்குள் மரப்பு மருந்து செலுத்திய முடிவோடு ஒப்பிட்டனர். ஆறு சோதனைகளில் மூன்றோ அதற்கு மேலோ வலி எழுப்பினால், மூட்டுவலி உள்ளவர்களில் 94 சதவீதத்தினரைப் பிடிக்க முடிந்தது. இல்லாதவர்களில் 78 சதவீதத்தினரைச் சரியாக விலக்கவும் முடிந்தது. தனியாக ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

இந்த ஆய்வுகள் ஆஸ்டியோபதியின் கைச்சிகிச்சையே வீண் என்று சொல்லவில்லை. சிகிச்சைக்குப் பின் வலி குறைவது உண்டு. தசை இறுக்கமும் நரம்பின் உணர்திறனும் மாறுவது காரணமாக இருக்கலாம். எலும்பு விலகியிருந்தது, தள்ளி உட்கார வைத்தோம் என்ற விளக்கம்தான் நிற்கவில்லை.

வேறுபடுத்தி அறிதல்

செயல்பிறழ்வு என்று பெயர் சூட்டும் முன் விலக்க வேண்டியவை பல. இளைஞருக்குக் காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, ஓய்வில் கூடி நடமாட்டத்தில் குறையும் வலி, விடியற்காலையில் வலியால் விழிப்பு ஆகியவை இருந்தால் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற மூட்டழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். எம்ஆர்ஐ அதைத் தொடக்கத்திலேயே காட்டக்கூடும். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், ஒரு பக்கம் மட்டும் தீராத வலி இருந்தால் சேக்ரோஇலியாக் மூட்டுக் காசநோயை நம் நாட்டில் மறக்கக் கூடாது. மூதாட்டிக்குச் சிறு சறுக்கலுக்குப் பின் வலி என்றால் எலும்பு நலிவால் சேக்ரத்தில் விரிசல் விழுந்திருக்கலாம். புற்றுநோய் வரலாறு உள்ளவரின் இரவு வலியும் அப்படியே விட்டுவிட முடியாதது. டிஸ்க் அழுத்தம், தொடைமூட்டுத் தேய்வு, சிறுநீரகக் கல், பெண்களுக்குக் கருப்பைச் சிக்கல்கள் ஆகியவையும் இதே இடத்தில் வலிக்கும்.

பாடி, அம்பத்தூர் வட்டாரத்தில்

இந்தப் பரிசோதனைகளுக்குத் தேவை அதிகமுள்ள வட்டாரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு சென்னையின் மேற்கே உள்ள பாடி. அது 1960களில் தொழிற்பகுதியாக உருவெடுத்தது. டி.வி.எஸ். குழுமத்தின் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாசனர்ஸ் ஆகிய ஆலைகள் இங்கே அமைந்தன. அருகிலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வளர்ந்தது. நின்றபடி செய்யும் வேலை, ஷிப்ட், இருசக்கர வண்டிப் பயணம் ஆகியவை வழக்கமான இத்தகைய வட்டாரத்தில் குறுக்குவலி அன்றாடப் பேச்சு. 'குறுக்கு பிடிச்சுக்கிச்சு', 'இடுப்பு விலகிடுச்சு', 'வாயுப்பிடிப்பு', 'டிஸ்க் நகர்ந்துடுச்சு' என்று நோயாளி சொல்வதில் எது சேக்ரோஇலியாக் மூட்டு, எது நரம்பு, எது வெறும் தசைப்பிடிப்பு என்று பிரிப்பதே பரிசோதிப்பவரின் வேலை.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்பவர் பெரும்பாலும் பிசியோதெரபிஸ்ட். இங்கே எம்.பி.பி.எஸ். படிப்பில் ஆஸ்டியோபதி இல்லை. இந்தியாவில் ஒடிசாவின் கட்டக்கில் உள்ள ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகம் ஆஸ்டியோபதிப் பட்டப்படிப்பை நடத்துகிறது. மேலே சொன்ன கைச்சோதனைகள் பிசியோதெரபி வழியாகவே இங்கு புழக்கத்தில் உள்ளன.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வருகிறார்கள். அவர்கள் முதலில் போவது இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு, மேல் சிகிச்சைக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அரசு வழியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் உள்ளன. சித்த மருத்துவத்தை நாடுவோருக்கு அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசினர் இந்திய மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளில் ஒன்றான தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலிய ஒன்பது கைமுறைகள் உண்டு.

இவற்றுக்கு அப்பால் சுளுக்கெடுப்பவரும் புத்தூர்க் கட்டுக்காரரும் இருக்கிறார்கள். கால் முன்னே வரப் பிறந்தவரை முதுகில் உதைக்கச் சொல்லும் நம்பிக்கையும் இன்னும் மறையவில்லை. தசைப்பிடிப்புக்கு உருவி விடுவதால் தற்காலிகச் சுகம் கிடைக்கலாம். ஆனால் காசநோயோ விரிசலோ உள்ள இடுப்பை முறுக்குவதும் மிதிப்பதும் கேட்டை விளைவிக்கும். நோய் இன்னதென்று தெரியாமல் இடுப்பில் கை வைப்பது எந்த மரபிலும் சரியல்ல.

நோயாளிகளுக்கு

'உங்கள் எலும்பு விலகியிருக்கிறது' என்று யாராவது சொன்னால் அஞ்ச வேண்டாம். விபத்தில் அடிபட்டாலொழிய சேக்ரோஇலியாக் மூட்டு அப்படி விலகாது. ஒரு சோதனையை மட்டும் செய்து முடிவு சொல்பவரிடம், வேறு சோதனைகளும் செய்தீர்களா என்று கேளுங்கள். காய்ச்சல், எடை குறைதல், இரவில் தூங்கவிடாத வலி, கீழே விழுந்தபின் வந்த வலி ஆகியவை இருந்தால் கைச்சிகிச்சைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். இரு கால்களிலும் பலவீனம், தொடை இடுக்கில் மரமரப்பு, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் ஏற்பட்டால் அது அவசர நிலை. அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.